கல்லைப் பிடித்து ஓடிய பூவாத்தா

காவல் பாறையின் உச்சியில் பூவாத்தா குரங்கு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கொண்டையன் ஓணான் வயிற்றைப் பாறையில் ஒட்டிப் படுத்திருந்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வேலைதான். சிறுத்தை வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் பூவாத்தா ஓட வேண்டும். கொண்டையன் எண்ண வேண்டும்.

எதற்கு ஓட வேண்டும், பாறையில் நின்று ஒரு கத்து கத்தினால் போதாதா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பாறைக்குக் கீழே தள்ளி ஓர் அருவி விழுகிறது. அது விழுகிற சத்தத்தில் இடி இடித்தால்கூடப் பாதிதான் கேட்கும். குரங்கு கத்துவதா கேட்கப் போகிறது?

அருவி விழுகிற மடுவின் கரையில் உப்புமண் இருக்கிறது. மான்களுக்கு அந்த மண் என்றால் உயிர். காலையில் மேய்ந்து முடித்ததும் கூட்டமாக இறங்கிவிடும். தலையைக் குனிந்து நக்க ஆரம்பித்தால் குனிந்ததுதான். பாறையில் நின்று வாலை ஆட்டினாலும் நிமிர்ந்து பார்க்காது. பக்கத்தில் போய் முதுகில் தட்ட வேண்டும்.

மரத்துக்கு மரம் தாவிப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பாறையிலிருந்து மடு வரைக்கும் வெறும் கல் தளம். புல்லே முளைக்காத இடத்தில் மரம் எப்படி முளைக்கும்? அதனால்தான் அந்தக் காட்டில் காவலுக்கு இருக்கிறவர் நல்ல ஓட்டக்காரராகவும் இருக்க வேண்டும் என்று வழக்கம். பூவாத்தாவைப்போல ஓடுகிறவர் யாரும் இல்லை. நான்கு காலையும் அகட்டி வைத்து, வாலை ஒரு பக்கம் சாய்த்து, கல் மேல் தண்ணீர் ஓடுவதுபோல ஓடுவாள்.

கொண்டையனுடைய வேலை எண்ணிக்கை. ஓணான் தலையாட்டும் அல்லவா? தலை ஒரு தரம் ஏறி இறங்கினால் ஓர் ஆட்டம். பூவாத்தா பாறையை விட்டுக் கிளம்பும்போது ஆட்ட ஆரம்பிப்பான். அவள் மடுவில் போய் வாலைத் தூக்கிக் காட்டினால் நிறுத்துவான். நாற்பது ஆட்டம். மழையோ வெயிலோ நாற்பதுதான் என்று எல்லோரும் நம்பினார்கள். சிறுத்தை மேல் குகையிலிருந்து கிளம்பி, மூங்கில் புதரைச் சுற்றிப் பதுங்கிப் பதுங்கி மடுவுக்கு வர அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் மான்கள் கரையேறித் தப்பிவிடும்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஆனி மாதத்தில் ஒரு நாள் சிறுத்தை பதுங்குவதைக் குறைத்துக்கொண்டு வேகமாக வந்துவிட்டது. பூவாத்தா வழக்கம்போலத்தான் ஓடினாள். வழக்கம்போலத்தான் போய்ச் சேர்ந்தாள். எல்லா மானும் தப்பித்தன. மருக்கொழுந்து என்ற பெண்மான் மட்டும் கடைசியில் நின்று தன் குட்டியை முன்னால் தள்ளிவிட்டாள். அந்த நேரத்தில் அவள் பின்னங்காலில் ஒரு கீறல் விழுந்தது.

கீறல் ஆறிவிட்டது. கால் ஆறவில்லை. மருக்கொழுந்து அன்றிலிருந்து நொண்டினாள்.

மருக்கொழுந்தும் பூவாத்தாவும் சின்ன வயதிலிருந்தே சிநேகிதம். பூவாத்தா மரத்தில் உட்கார்ந்து அத்திப்பழம் தின்றால் பாதியைக் கடித்துக் கீழே போடுவாள். அது வேண்டுமென்றே போடுவது. மருக்கொழுந்து கீழே நின்று தின்பாள். “எச்சிப் பழம் போடுறியே, வெக்கமா இல்லையா?” என்பாள். “நல்ல பழமான்னு கடிச்சுப் பாத்துத்தாண்டி போடுறேன்” என்பாள் இவள். வருஷக்கணக்காக இதே பேச்சுதான். இரண்டு பேருக்கும் அது சலிக்கவில்லை.

கால் நொண்டின பிறகு மருக்கொழுந்து கரையேறுவதை ஒரு நாள் கொண்டையன் எண்ணிப் பார்த்தான். முன்பு ஐந்து ஆட்டத்தில் ஏறுவாள். இப்போது பதினொன்று ஆனது. கூடுதல் ஆறு.

பூவாத்தா அதைக் கேட்டுக்கொண்டாள். அன்று அவள் அத்திப்பழம் தின்னவில்லை. அந்த ஆறு ஆட்டத்தை எங்கிருந்தாவது கொண்டு வர வேண்டும் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. நாற்பதை முப்பத்துநான்கு ஆக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த தடவை சிறுத்தை வரும்போது எல்லா மானும் கரையேறும், மருக்கொழுந்து மட்டும் பாதிக் கரையில் நிற்பாள்.

அந்தச் சமயத்தில்தான் சொக்கி மைனா வந்து சேர்ந்தாள்.

சொக்கி அடிவாரத்து ஊரில் குடியிருப்பவள். பள்ளிக்கூட மைதானத்து வேப்பமரத்தில் கூடு. ஊரில் நடப்பதையெல்லாம் காட்டுக்குக் கொண்டு வருவாள். காட்டில் நடப்பதை ஊருக்குக் கொண்டு போவாள். கேட்ட கேள்விக்கு மேல் ஒரு சொல் சொல்ல மாட்டாள் என்பது ஒன்றுதான் அவளிடம் குறை. கேட்டால் மணிக்கணக்காகப் பேசுவாள்.

வேகமாக ஓடுவதற்கு ஊரில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று பூவாத்தா விசாரித்தாள்.

“மைதானத்துல ஒரு ஆளு விடியக்காலம் ஓடுறாருக்கா” என்றாள் சொக்கி. “தொப்பை கொஞ்சம் முன்னாடி போன ஆளு. ரெண்டு கையிலயும் ரெண்டு இரும்புக் குண்டு வச்சிருப்பாரு. மொதல்ல நின்ன எடத்துல நின்னு அதைத் தூக்கித் தூக்கி இறக்குவாரு. அப்புறம் அதைக் கையில புடிச்சுக்கிட்டே ஓடுவாரு.”

“எதுக்குடி கையில குண்டு?”

“உடம்பு இரும்பாயிருமாம். குண்டைக் கீழ வச்சா பறக்கலாம்னு இன்னொரு ஆளுகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தாரு.”

பூவாத்தாவுக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. பறக்கலாம் என்ற சொல்லிலேயே அவள் மனம் நின்றுவிட்டது. சொக்கியும் கேட்காததால் சொல்லாமல் பறந்து போய்விட்டாள்.

பூவாத்தா நேரே ஓடைக்குப் போனாள். விளாங்காய் அளவில் இரண்டு உருண்டைக் கல்லைப் பொறுக்கிக்கொண்டாள். தூக்கிப் பார்த்தாள். கனம் சரியாக இருந்தது. அன்றிலிருந்து காவலுக்கு உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் கல்லைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். பிறகு இரண்டு கையிலும் கல்லைப் பிடித்துக்கொண்டு மடு வரைக்கும் ஓடிப் பழகினாள்.

குரங்குக்குக் கை என்றால் அது முன்னங்காலும்தான். கையில் கல் இருந்தால் அதை ஊன்ற முடியாது. அதனால் பூவாத்தா பின்னங்கால் இரண்டில் நிமிர்ந்து, சந்தைக்குப் போகிற பெண்பிள்ளை மாதிரி ஓடினாள். கொண்டையனுக்குப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. ஆனாலும் சிரிக்கவில்லை. சிரித்தால் எண்ணிக்கை தவறிவிடும்.

முதல் நாள் நாற்பத்திரண்டு ஆட்டம் ஆனது. “ரெண்டு கூடிப்போச்சுக்கா” என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். பூவாத்தா சளைக்கவில்லை. கல்லோடு நாற்பத்திரண்டு என்றால் கல்லில்லாமல் எவ்வளவு குறையும் என்று அவனையே திருப்பிக் கேட்டாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

ஆடி பிறந்தது. மலையில் சாரல் பிடித்துக்கொண்டது. விடிந்தது தெரியாது, உச்சிப்பொழுது தெரியாது. எப்போது பார்த்தாலும் வெள்ளையாக மஞ்சு மூட்டம். பாறையெல்லாம் ஈரம். கொண்டையன் குளிரில் சுருண்டு, இலைச் சருகுக்குக் கீழே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு எண்ணினான்.

பத்து நாளில் நாற்பத்திரண்டு முப்பத்தெட்டு ஆனது.

“அக்கா, குறையுதுக்கா!” என்றான் கொண்டையன். அவனுக்கு அவளைவிடச் சந்தோஷம்.

இன்னும் பத்து நாளில் சாரல் கனத்தது. எண்ணிக்கை முப்பத்தாறு. பூவாத்தா கல்லைக் கீழே வைத்துவிட்டு நடந்து பார்ப்பாள். கை இரண்டும் தானாக மேலே எழும்பும். உடம்பு பஞ்சாகிவிட்டதுபோல இருக்கும். அந்த ஆள் பறக்கலாம் என்று சொன்னது இதைத்தான் என்று நினைத்துக்கொள்வாள்.

ஒன்று மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. ஓடி முடித்தால் முன்பெல்லாம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இப்போது வலது தோள் விண் விண் என்று தெறித்தது. இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை. கழுத்தைத் திருப்பினால் சுருக்கென்றது. வலு ஏறும்போது இப்படித்தான் வலிக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கொண்டையன் கேட்டபோதும் அதையே சொன்னாள்.

மருக்கொழுந்துக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? ஒரு நாள் அத்திமரத்தடியில் நின்றாள். மேலேயிருந்து பழம் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால், பூவாத்தா இடது கையால் பழம் பறித்து, இடது கையாலேயே தின்றுகொண்டிருந்தாள். வலது கை மடியில் கிடந்தது.

“இறங்கி வா” என்றாள் மருக்கொழுந்து.

இறங்கி வந்தாள். மருக்கொழுந்து தோளை மோந்து பார்த்தாள். வீங்கிச் சூடாக இருந்தது.

“எதுக்குடி இந்தக் கல்லு?”

இப்போது எல்லோரும் இப்படித்தான் ஓடுகிறார்கள், ஊரில் இதுதான் வழக்கமாம் என்று பூவாத்தா எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“பொய் சொல்லாத. என் நொண்டிக் காலுக்காக நீ கையை ஒடிச்சுக்கிட்டா, நாளைக்கு யாருடி ஓடுவா? நான் வேணா உப்புமண்ணுக்கு வரலை. விடு.”

உப்பு நக்காமல் பால் குடிக்கிற குட்டிக்கு என்ன கொடுப்பாய் என்று பூவாத்தா கேட்டாள். குட்டி தாயின் மடியை முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னும் ரெண்டே ஆட்டம்தான்” என்றாள் பூவாத்தா மெதுவாக. “முப்பத்தாறு வந்துட்டேன். முப்பத்துநாலு ஆனதும் கல்லைத் தூக்கி ஓடையில போட்டுடுறேன். உன்மேல சத்தியம்.”

ஆடி கடைசியில் முப்பத்துநான்கு வந்தது.

கொண்டையன் சருகை உதறிவிட்டு எழுந்து பாறை முழுவதும் ஓடினான். முப்பத்துநாலு, முப்பத்துநாலு என்று காட்டுக்கே கேட்கும்படி சொன்னான். அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, அது வேறு. பூவாத்தா கல் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சத்தியம் செய்தபடி கல்லைப் போட்டிருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு நாள் பிடித்த கல். கல்லோடு முப்பத்துநான்கு என்றால் இன்னும் நாலு நாள் ஓடினால் முப்பதே ஆகிவிடாதா? அந்த ஆசையில் போடாமல் வைத்துக்கொண்டாள்.

ஆவணி முதல் வாரம். ஒரு நாள் காலையில் மஞ்சு விலகியது. ஒரு மாதம் கழித்து வெயில் அடித்தது. பாறை சுடச்சுடக் காய்ந்தது. கொண்டையன் சருகைத் தூக்கி எறிந்துவிட்டு வெயிலில் மல்லாந்துகூடப் படுத்துப் பார்த்தான். அவன் கழுத்து சிவந்தது. உடம்பில் புது ரத்தம் ஓடியது. நாலு பேர் வந்தாலும் ஒரு கை பார்க்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

மான்கள் மடுவில் இறங்கியிருந்தன. மருக்கொழுந்து குட்டியோடு ஓரத்தில் நின்று மண்ணை நக்கினாள். பூவாத்தா எப்போதும்போலக் கல்லைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள்.

மேல் குகையின் வாசலில் மஞ்சளாக ஒன்று அசைந்தது.

“அக்கா!” என்றான் கொண்டையன்.

பூவாத்தா பாய்ந்தாள். கொண்டையன் எண்ண ஆரம்பித்தான்.

பத்தடி போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையில் கல் இருக்கிறது! கீழே போட வேண்டும் என்று நினைத்தாள். விரல் பிரியவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாக ஓடும்போதெல்லாம் கல்லை இறுக்கிப் பிடித்தே பழகிய விரல்கள். ஓட்டம் என்றாலே பிடி என்று அதற்கு ஆகிவிட்டது. கையைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. நான்கு காலில் ஓட வேண்டியவள் இரண்டு காலில் ஓடினாள்.

பறக்கப் போகிறோம் என்று நினைத்திருந்தாள் அல்லவா? பறக்கவில்லை. கை இரண்டும் முன்னும் பின்னும் இழுத்தன. வலது கை வீசும்போதெல்லாம் தோளில் யாரோ குத்துவதுபோல இருந்தது. வலிக்குப் பயந்து உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்த பக்கத்துக் காலில் பாரம் கூடியது. இவ்வளவு நாளும் இப்படித்தான் ஓடினோமா என்று அவளுக்கே திகைப்பாகிவிட்டது. அப்போதெல்லாம் எண்ணிக்கை ஒன்றே காதில் இருந்தது. இன்று சிறுத்தை இருக்கிறது.

தளம் முக்கால்வாசி முடிகிற இடத்தில் ஒரு விளிம்பு வரும். அங்கே நின்றால் மடு நேர் கீழே தெரியும். அதற்கு மேல் வழி வளைந்து வளைந்து இறங்கும். அந்த விளிம்பில் ஒரு மாதச் சாரலில் பிடித்த பாசி இன்னும் ஈரம் காயாமல் கிடந்தது. பூவாத்தாவின் சாய்ந்த கால் அதன்மேல் பட்டது.

வழுக்கியது.

வெறுங்கையாக இருந்தால் ஒரு கையை ஊன்றி எழுந்திருப்பாள். குரங்கு வழுக்கி விழுந்ததாக யாராவது கேள்விப்பட்டதுண்டா? பூவாத்தா விழுந்தாள். வலது தோள்தான் முதலில் தரையில் அடித்தது. வலது கைக் கல் தெறித்து உருண்டு எங்கோ போனது. கண் இருட்டியது.

கண் திறந்தபோது மடு கீழே தெரிந்தது. மான்கள் குனிந்த தலை நிமிராமல் நின்றன. நல்லவேளை, அன்று சிறுத்தை வழக்கத்தைவிட மெதுவாகப் பதுங்கி வந்தது; மூங்கில் புதருக்கு இந்தப் பக்கம் இப்போதுதான் அதன் முதுகு தெரிந்தது. எழுந்து, வளைந்து இறங்கி, மருக்கொழுந்தைத் தட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கத்தினாள். தன் சத்தம் தனக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் இடது கையைப் பார்த்தாள். கல் இன்னும் அதில் இருந்தது.

ஒரு காலை ஊன்றி எழுந்தாள். நின்றாள். இடது கையைப் பின்னால் கொண்டுபோய், இருக்கிற உயிரையெல்லாம் சேர்த்து வீசினாள். இத்தனை நாளாக உட்கார்ந்த இடத்தில் தூக்கித் தூக்கி இறக்கிய கை அது. ஆனி மாதத்தில் அங்கேயிருந்து எறிந்திருந்தால் கல் பாதி வழியில் விழுந்திருக்கும். இன்று போனது. விளிம்பைத் தாண்டி, வளைந்த வழியைத் தாண்டி, மடுவின் ஓரத்தில் மருக்கொழுந்தின் மூக்குக்கு முன்னால் தொப்பென்று விழுந்தது. தண்ணீர் எழும்பி எல்லா மானின் முகத்திலும் அடித்தது.

மான்கள் நிமிர்ந்தன. விளிம்பில் பூவாத்தா வாலைத் தூக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

அடுத்த கணம் கரையில் ஒரு மானும் இல்லை. மருக்கொழுந்து குட்டியை முட்டி முன்னால் தள்ளிக்கொண்டு நொண்டி நொண்டி ஏறினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பூவாத்தா தானே எண்ணினாள். பதினொன்றில் அவள் வெள்ளை வால் மரங்களுக்குள் மறைந்தது. சிறுத்தை பாய்ந்தபோது அங்கே இருந்தது குளம்புத் தடமும் கலங்கிய தண்ணீரும்தான்.

சிறுத்தை மேலே பார்த்தது. குரங்கைப் பார்த்தது. மடுவில் மிதந்த நுரையைப் பார்த்தது.

“இத்தனை வருஷம் ஓடி வந்து தட்டினீங்க. இப்பக் கல்லு வேற எறியறீங்களா?” என்றது. யாருக்கும் கேட்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு வேறு காட்டைப் பார்க்கலாம் என்று போய்விட்டது.

பூவாத்தா விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெகு நேரம் கழித்துக் கொண்டையன் ஊர்ந்து வந்தான். அவன் சிவந்த கழுத்து வெளுத்துப் போயிருந்தது.

“அக்கா, நீ விளிம்புக்கு வர்றதுக்கே அம்பத்திரண்டு ஆயிருச்சுக்கா. என் எண்ணிக்கை என்னிக்கும் தப்பாது. நேத்து மடு வரைக்கும் முப்பத்துநாலு. இன்னிக்கு முக்கா வழிக்கே அம்பத்திரண்டு. எனக்கு ஒண்ணும் புரியலை.”

பூவாத்தா அவனைப் பார்த்தாள். அவன் பேசும்போதே தலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வெயிலில் சரசரவென்று ஆடியது. அவளுக்கு என்னவோ பட்டது. பக்கத்துப் பாறை இடுக்கில், நிழல் விழுந்த ஈர இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் படுத்துக்கொண்டு தலையாட்டச் சொன்னாள். அவன் போய்ப் படுத்தான். உடம்பு குளிர்ந்தது. தலை ஆடியது. ஏறியது. நின்றது. யோசித்தது. இறங்கியது. தூளியில் போட்ட பிள்ளைக்குத் தாலாட்டுகிற மாதிரி ஆடியது.

“கொண்டையா, வெயில்ல உன் தலை பறக்குது. சாரல்ல உறங்குது” என்றாள் பூவாத்தா. “நான் வேகமா ஓடலைடா. நீ மெதுவா எண்ணியிருக்க.”

கொண்டையனுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மாதமாக நாளுக்கு நாள் குளிர் கூடியது, நாளுக்கு நாள் தலை மந்தமானது, எண்ணிக்கை குறைந்தது. அவள் உண்மையில் நாளுக்கு நாள் பின்தங்கிக்கொண்டிருந்தாள். குறைகிறது என்று அவன்தான் குதித்துக் குதித்துச் சொன்னான்.

“நான் பொய் சொல்லணும்னு எண்ணலைக்கா.”

“தெரியும்டா. கல்லை இறக்கினதும் கை இலேசா இருந்துச்சு. அதை நான் வேகம்னு நெனச்சேன். உன் தலை சொன்னதைவிட என் தோள் சொன்னதைக் கேட்டிருக்கணும். வா, பக்கத்துல உக்காரு.”

அவன் வந்து அவள் வால் நுனியில் உட்கார்ந்துகொண்டான்.

மருக்கொழுந்து சுற்றிக்கொண்டு மேலே ஏறி வந்தாள். உப்பு ஒட்டின நாக்கால் பூவாத்தாவின் தோளை நக்கிக் கொடுத்தாள். எரிகிறது என்று பூவாத்தா கத்தினாள்.

“எரியட்டும். முப்பத்துநாலு ஆனதும் கல்லைப் போடுறேன்னு யாரு சத்தியம் பண்ணினா?”

“போட்டேனே. உன் மூக்குக்கு முன்னாடிதானே போட்டேன்.”

மருக்கொழுந்து சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. மடுத் தண்ணீர்தான் அது என்றாள்.

அந்த நேரம் பார்த்துச் சொக்கி மைனா வந்து இறங்கினாள். நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டாள். மைதானத்து ஆள் இப்போது எப்படி இருக்கிறார் என்று பூவாத்தா கேட்டாள்.

“அவரா? ரெண்டாவது வாரமே தோளைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாருக்கா. இப்பவெல்லாம் வெறுங்கையோடதான் ஓடுறாரு. நல்லா ஓடுறாரு. தொப்பைகூடக் குறைஞ்சிருக்கு. குண்டை வீட்டு மொட்டைமாடியில வச்சு, நின்னமேனிக்கே தூக்குறாரு.”

“இதை ஏண்டி முன்னாடியே வந்து சொல்லலை?”

“நீங்க கேக்கலியே!” என்றாள் சொக்கி.

அதற்கு மேல் அவளிடம் என்ன சொல்ல முடியும்?

பூவாத்தாவின் தோள் ஆற ஒரு மாதமானது. அதுவரை அவள் அண்ணன் காவலுக்கு உட்கார்ந்தான். மருக்கொழுந்து தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவாள். பூவாத்தா இடது கையாலேயே பழத்தைப் பறித்து, கடித்துக் கடித்துப் போட்டாள். எச்சில் பழம் என்ற பேச்சு மறுபடியும் ஆரம்பித்தது.

தோள் ஆறியதும் வழக்கம் மாறிவிட்டது. கல் தளத்து விளிம்பில் இப்போது ஒரு கல் குவியல் இருக்கிறது. சிறுத்தை கிளம்பினால் பூவாத்தா வெறுங்கையோடு, பழையபடி நான்கு காலில், கல் மேல் தண்ணீர்போல ஓடுவாள். விளிம்பு வரைக்கும் ஓடினால் போதும். குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து வீசுவாள். வளைந்த வழியில் இறங்குகிற நேரம் மிச்சம். ஆறு ஆட்டம் தேடி அலைந்தவளுக்குப் பன்னிரண்டு கிடைத்தது. மருக்கொழுந்து ஆற அமரக் கரையேறலாம்.

பாறையில் காவல் இருக்கும்போது மட்டும் பூவாத்தா இரண்டு கல்லைத் தூக்கி இறக்குவாள். அதுவும் சின்னக் கல். தோள் சுருக்கென்றால் உடனே வைத்துவிடுவாள். ஓடக் கிளம்பும் முன் கொண்டையன் “அக்கா, கை!” என்று ஞாபகப்படுத்துவான். அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் பாய்வாள்.

கொண்டையன் இன்னும் எண்ணுகிறான். ஆனால் எண்ணி முடித்ததும் “இது வெயில் கணக்கு” என்றோ, “இது சாரல் கணக்கு” என்றோ மறக்காமல் சொல்லிவிடுகிறான்.

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே, நின்ற இடத்தில் அளவோடு தூக்குகிற சுமை கைக்கு வலுவாகும், ஓடும்போது பிடித்திருக்கிற சுமை காலுக்குத் தடையாகும், அதனால் ஓட வேண்டிய நேரத்தில் கையைக் காலியாக்கிக்கொண்டு கிளம்புகிறவரே போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு நல்லபடியாகப் போய்ச் சேருவார்.